தண்டாலுக்கு இறங்கிய வீடு

சலவைக்கடைக்காரரின் இளைய மகள் தண்டால் எடுத்தபோது அவள் மேலே எழும்பவில்லை. வீடு கீழே இறங்கியது. முதல் நாள் மூன்றே மூன்றுதான் எடுத்தாள், அதிலும் மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது, ஆகவே வீடு இறங்கியது ஒரு நூலுக்கு மேல் இருக்காது. அதைக் கண்டுபிடித்தவர் மாடியில் குடியிருந்த லிஃப்ட்காரர். பன்னிரண்டு மாடி அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் லிஃப்டுக்குள் நின்றே காலம் தள்ளி, இரண்டு முழங்காலும் தேய்ந்தபிறகு ஓய்வு பெற்றவர். மனுஷனுக்குக் காது கொஞ்சம் மந்தம், கண் அதைவிட மந்தம், ஆனால் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பது வயிற்றுக்குத் தெரியும். காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை வைத்துவிட்டு, "கீழே போகுது" என்றார். கேட்டவர்கள் பழக்கதோஷம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினேழு வயது ஏழு மாதம். ராணுவத்துக்குத் தேர்வாகியிருந்தாள். தொண்ணூறு நாளில் பயிற்சி முகாமுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. கடிதத்தோடு ஒரு பட்டியலும் வந்தது: கறுப்பு சாக்ஸ் நான்கு ஜோடி, பூட்டு ஒன்று சாவியுடன், பல் துலக்கும் பிரஷ் ஒன்று, மன உறுதி. இவை எதுவும் முகாமில் வழங்கப்படமாட்டாது என்று அடியில் கோடு போட்டு அச்சடித்திருந்தார்கள். ஐம்பது தண்டால், இடைவிடாமல் அரைமணி நேர ஓட்டம் ஆகியவற்றைப் பழகிவிட்டு வருவது நல்லது என்றும், பயிற்சியாளர்கள் உரத்த குரலில் பேசுவார்கள், அதைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் இன்னொரு தாளில் இருந்தது. கடைசித் தாள், பதினெட்டு நிரம்பாதவர்களுக்குத் தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் படிவம்.

தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டைக்குத் தண்ணீர் தெளிக்கும் முன் அதனிடம் ஒருமுறை மன்னிப்புக் கேட்பார் என்று தெருவில் சொல்வார்கள், அவ்வளவு சாது. காவலாளி, தீயணைப்புக்காரர், பள்ளிப் பிள்ளை என்று முப்பது வருஷமாக இந்தப் பக்கத்துச் சீருடை அத்தனைக்கும் அவர்தான் இஸ்திரி. உள்ளே இருக்கும் ஆள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம், மடிப்பு மட்டும் மாறக்கூடாது என்பதுதான் சீருடையைப் பற்றி அவர் கண்டறிந்த ஒரே உண்மை. அதனாலேயே, "ஏம்மா ராணுவம்?" என்று ஒருமுறை கேட்டார். "அங்க என்ன செய்யணும்னு ஒருத்தர்தான் சொல்வாருப்பா. இங்க தெருவே சொல்லுது" என்றாள் மகள். அவர் படிவத்தை வாங்கிக்கொண்டு "நாளைக்குப் போட்டுத் தரேன்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். தாள் கசங்காமலிருக்கத் தினம் ஒரு தடவை லேசான சூட்டில் அதை இஸ்திரி போட்டு மடித்து வைத்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

மகள் காத்திருக்கவில்லை. பள்ளிப் பையில் அப்பாவின் பழைய இஸ்திரிப் பெட்டிகள் இரண்டைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் ஓடினாள். முதல் வாரம் தெருநாய்கள் துரத்தின. இரண்டாம் வாரம் கூடவே ஓடின. மூன்றாம் வாரம் இரண்டிரண்டாக வரிசை பிடித்து, முனையில் திரும்பும்போது ஒரே நேரத்தில் திரும்பின. ஓடி முடித்து வந்ததும் கடையாக இருந்த முன்னறையில் குப்புற விழுந்து தண்டால். இருபத்தைந்து தண்டாலுக்கு ஒரு விரற்கடை என்ற கணக்கில் வீடு இறங்கியது. சுவரில் கீறல் இல்லை, குழாயில் கசிவு இல்லை, நல்ல மரியாதையான இறக்கம். மாதக் கடைசியில் கடை வாசல் தெருவைவிட இரண்டு படி தாழ்ந்திருந்தது. அழுக்குத் துணி கொண்டுவந்தவர்கள் குனிந்து உள்ளே போட்டார்கள். அவளுடைய அம்மா பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி இல்லாமலே அறிவிப்புச் செய்யக்கூடிய அறிவிப்பாளர். "முகாமுக்குப் போறதுக்குள்ள எங்களைப் புதைச்சுட்டுத்தான் போவியாடி?" என்று கேட்டது மூன்று தெரு தள்ளிக் கேட்டது. மகள் அசையவில்லை. அம்மா கத்துவது அவளுக்குத் தாலாட்டு மாதிரி, பிறந்ததிலிருந்து பழக்கம்.

இதில் லாபம் லிஃப்ட்காரருக்கு. மாடிப்படி ஏற முடியாமல் நாலு வருஷமாகச் சிறையிலிருந்தவர், பால்கனியை நோக்கித் தெரு தானாகவே ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இன்னும் ஒரு பத்து எடும்மா, நாட்டுக்காக" என்று மேலிருந்து ஊக்கம் கொடுப்பார். நாடு அவருடைய முழங்காலில் இருந்தது. நகராட்சியிலிருந்து அளவுக்காரர் வந்து, நாடாவைப் பிடித்து, அனுமதியின்றி நிலவறை கட்டியதாக ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்.

உடம்பு இப்படித் தேறிக்கொண்டிருந்தது. பட்டியலில் மிச்சமிருந்தது மன உறுதி. அங்கேதான் சிக்கல். அம்மாவைத் தவிர வேறு யார் குரலை உயர்த்தினாலும் அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிடும். பேருந்தில் நடத்துனர் "உள்ளே போ" என்றாலே போதும். ஆகவே ஒருநாள் கடை வாசலில் அவளே கைப்பட எழுதி ஒட்டினாள்: "தினமும் மாலை ஆறு முதல் ஏழு வரை என்னை யாரும் திட்டலாம்."

முதல் மாலை யாரும் வாயைத் திறக்கவில்லை. நல்லவர்கள் தெரு என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மாலை மருந்துக்கடைக்காரர் வந்து, தொண்டையைக் கனைத்து, "ஏய்" என்று ஆரம்பித்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதம்மா" என்று முடித்தார். அதற்கே அவள் அழுதாள். மூன்றாம் நாள் அவர் திரும்ப வந்தார், இந்தமுறை கொஞ்சம் நீளமாக. அந்த வாரக் கடைசியில் வரிசை தெருமுனை வரை நின்றது. வங்கி குமாஸ்தா, "மூணு தடவை சொல்லிட்டேன், ஜன்னலை மூடுன்னு!" என்று நரம்பு புடைக்கக் கத்தினார். அங்கே ஜன்னலே இல்லை. அது அவருடைய அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரருக்கு ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்தது. பள்ளி ஆசிரியை ஒருத்தி, "உங்கம்மா இருக்கிற வீட்டுல நான் ஒரு நிமிஷம் இருக்கமாட்டேன்" என்றாள். அது யாருக்கென்று எல்லோருக்கும் தெரியும், அவள் புருஷனும் வரிசையில் மூன்று பேர் பின்னால்தான் நின்றிருந்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே மூடியிருந்த வாயையெல்லாம் ஒரு பெண் காகிதம் ஒட்டித் திறந்துவிட்டாள். வீடுகளில் சண்டை நின்றது. மருந்துக்கடையில் ரத்தக்கொதிப்பு மாத்திரை விற்பனை பாதியாகக் குறைந்தது. அதற்கும் அவர் அவளையே வந்து திட்டினார். ஆறாவது வாரம் அவள் முகவாய் நிமிர்த்தி, பார்வையை எதிர்ச்சுவரில் நிறுத்தி, இமை கொட்டாமல் நின்றாள். முடிந்ததும், "நன்றி, அடுத்தவர்" என்றாள்.

வரிசையில் நிற்காத ஒரே ஆள் அப்பா. முகாமுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கும்போது அவளே அவர் முன்னால் போய் விறைப்பாக நின்றாள். "அப்பா, நீங்க ஒரு தடவை திட்டுங்க. அதுக்கு நான் அழலைன்னா அப்புறம் எனக்கு எதுவுமே ஆகாது." தெரு மொத்தமும் குனிந்து உள்ளே பார்த்தது, அப்போது வாசலின் மேல்சட்டம் தெருவிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருந்தது. அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். "காலர் மடங்கியிருக்கு பாரு" என்றார். கையை நீட்டி அதை நேராக்கியும் விட்டார்.

ஆறு வாரப் பயிற்சியும் ஒரு நொடியில் போயிற்று. அவள் தேம்பித் தேம்பி அழுதாள். "கவலைப்படாதம்மா, அங்க யாரும் அப்படிப் பண்ணமாட்டாங்க" என்று லிஃப்ட்காரர் பால்கனியிலிருந்து ஆறுதல் சொன்னார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்படியே தரையில் கை ஊன்றி, அழுதுகொண்டே நூறு தண்டால் எடுத்தாள். ஒரே மூச்சில் வீடு நாலு விரற்கடை இறங்கியது. மேஜையிலிருந்த பொத்தான் டப்பா அதிரவில்லை, விளக்கு ஆடவில்லை. அழுதால் நின்றுவிடுவாள் என்று அத்தனை நாள் அப்பா உள்ளூர நம்பிக்கொண்டிருந்தார். நூறாவது முடிந்ததும் அவர் அலமாரியிலிருந்து படிவத்தை எடுத்து, கடைசியாக ஒருமுறை இஸ்திரி போட்டு, சூடு ஆறும் முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவள் புறப்பட்ட அன்று ஏணி வைத்துத் தெருவுக்கு ஏறினாள். நாய்கள் பேருந்து நிலையம் வரை வரிசையாகப் போய்விட்டு வரிசையாகத் திரும்பின. அம்மா அந்தப் பேருந்து புறப்படும் அறிவிப்பைத் தானே செய்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் குரல் பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்கவில்லை, ஏழு பேர் அதனால் பேருந்தைத் தவறவிட்டார்கள். பால்கனி தெருவோடு ஒட்டியிருந்தது. லிஃப்ட்காரர் நாலு வருஷத்தில் முதல்முறையாகத் தேநீர்க்கடைக்கு நடந்துபோய், வழியில் கண்டவரிடமெல்லாம் ராணுவத்தைப் புகழ்ந்தார்.

அவருடைய மகிழ்ச்சி இரண்டு நாளுக்கு மேல் நிற்கவில்லை. மூன்றாம் நாள் விடிகாலை ஐந்தரைக்குக் கோப்பையைக் கீழே வைத்தார். "மேலே போகுது" என்றார். வீடு இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. மறுநாள் நாலு. அங்கே முகாமில் அவள் தரையை அமுக்கினால் இங்கே தரை எழும்புகிறது, தராசுத் தட்டு மாதிரி. இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா கடைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தார். முகாமிலிருந்து மாதத்துக்கு ஒரு கடிதம்தான் அனுமதி. அவருக்கோ தினமும் கடிதம் வந்தது. ஐந்தரைக்கு ஒரு விரற்கடை ஏறினால் அது பயிற்சி. பத்து மணிக்கு மேல் திடீரென்று ஏறினால் அது தண்டனை. "இன்னிக்கு எதிர்த்துப் பேசியிருக்கா" என்பார். மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை வீடு அசையாமல் கிடந்தது. காய்ச்சலோ என்னவோ என்று அவர் அன்றைக்கு ஒரு சட்டையைக் கருக்கினார், முப்பது வருஷத்தில் முதல் சட்டை. திங்கட்கிழமை ஐந்தரைக்கு ஒரு விரற்கடை ஏறியபிறகுதான் காலை ரொட்டி தொண்டைக்குள் இறங்கியது.

இரண்டாம் மாதம் வாசற்படி தெருவைத் தொட்டது. அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஒரு படி, இரண்டு படி என்று வீடு தெருவைத் தாண்டி மேலே போனது. லிஃப்ட்காரர் பழைய சிறையைவிட உயரமான சிறையில் உட்கார்ந்து ராணுவத்தை வைய ஆரம்பித்தார். நகராட்சி அளவுக்காரர் வந்து, அனுமதியின்றி உயரம் கூட்டியதாக, பழைய நோட்டீஸின் மேலேயே புது நோட்டீஸ் ஒட்டினார். அப்பா எதையும் காதில் வாங்கவில்லை. ஒரு நாள் காலை பத்தே காலிலிருந்து பதினொன்று வரை வீடு நிறுத்தாமல் ஆறு விரற்கடை ஏறியது. நூற்றைம்பது தண்டால். அன்று மாலை அவர் கடைக் கதவைச் சாத்தாமலே, ஐம்பத்திரண்டு வயதில், மகள் எடுத்த அதே இடத்தில் குப்புறப் படுத்து மூன்று தண்டால் எடுத்தார், மூன்றாவது பாதி. வீடு ஒரு நூல் இறங்கியது. மாடியிலிருந்து, "கீழே போகுது!" என்று ஒரு சந்தோஷக் குரல் வந்தது.

மாதக் கடிதம் வந்தது. சாக்ஸ் போதவில்லை, சாப்பாடு பரவாயில்லை, யார் கத்தினாலும் இப்போது கொட்டாவிதான் வருகிறது என்று எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "போன வியாழக்கிழமை சாயங்காலம் மைதானம் என் கைக்குக் கீழ ஒரு நூல் மேல வந்துச்சு. சார்ஜெண்ட் என்னைத்தான் முறைச்சார். அப்பா, இடுப்பைத் தொய்ய விடாம எடுங்க. முதுகு பிடிச்சுக்கும்."

அதற்குப்பிறகு தெருவுக்கு மாலை ஆறு மணிக்கு ஒரு வேலை கிடைத்தது. திட்டுவதற்கு ஆளில்லாமல் வீடுகளில் பழையபடி சண்டை தொடங்கியிருந்த நேரம். மருந்துக்கடைக்காரர், குமாஸ்தா, ஆசிரியை, அவள் புருஷன் எல்லோரும் சலவைக்கடை முன்னறையில் வரிசையாகக் குப்புறப் படுத்தார்கள். லிஃப்ட்காரர் நாற்காலியிலிருந்து எண்ணினார். எண்ணிக்கொண்டே போனவர், வாசற்படி தெருவைத் தொட்டபிறகும் நிறுத்தவில்லை. பால்கனியை மறுபடி தெருவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அப்போதுதான் சலவைக்கடைக்காரர் எழுந்து நின்று, ஆயுசில் முதல்முறையாகக் கத்தினார்: "இதுக்கு மேல ஒரு நூல் இறக்கக் கூடாது! எம்பொண்ணு லீவுல வந்தா ஏணி வேணாம், படி வேணாம், நேரா உள்ள நடந்து வரணும்!" அந்த இடத்தில் நடந்த திட்டுகளிலேயே அதுதான் முதல்தரம் என்று மருந்துக்கடைக்காரர் பின்னால் ஒப்புக்கொண்டார். லிஃப்ட்காரருக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போதெல்லாம் காலையில் ஏறுவதை மாலையில் இறக்குகிறார்கள். முகாம் மைதானமும் அப்படியே மாலையில் எழும்பி நிற்பதாகவும், மேடான இடத்தைத் தேர்ந்தெடுத்த தொலைநோக்குக்காகத் தளபதிக்கு ஒரு பதக்கம் கிடைத்ததாகவும் அடுத்த கடிதத்தில் இருந்தது. அளவுக்காரர் வருவதை நிறுத்திவிட்டார். பதிவேட்டில் அந்த வீட்டின் உயரம் என்ற கட்டத்தில் "மாலை ஏழு மணிக்குச் சரி" என்று எழுதியிருக்கிறார். ஏழு அடிக்கும்போது வாசற்படி தெருவோடு வந்து பொருந்தும். எல்லோரும் எழுந்து கையைத் தட்டிக்கொள்வார்கள். லிஃப்ட்காரர் நாற்காலியில் நிமிர்ந்து, வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தரைத்தளம்" என்பார். அப்பா போய்க் கதவை அகலத் திறந்து வைப்பார்.