ஐந்தாவது திருத்தம்

எழுத்து தடியாக இருக்க வேண்டும், ஆனால் முரடாகத் தெரியக் கூடாது. தூரத்தில் வருகிறவன் கண்ணில் பட வேண்டும், ஆனால் கண்ணைக் குத்தக் கூடாது. சைக்கிள்கடைக்காரம்மா இப்படிச் சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டபோதே டிசைனருக்குப் புரிந்துவிட்டது, இது லேசில் முடிகிற வேலை இல்லை என்று.

பதினாறு வருஷமாகக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை வடிவமைக்கிறவள் அவள். எத்தனையோ பிடிவாதக்காரர்களைப் பார்த்தாயிற்று. கம்ப்யூட்டர் திரையில் ‘புதுவழி சைக்கிள் கடை’ என்று அடித்து, எழுத்துருக்களை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டினாள்.

“இது மருந்துக்கடை மாதிரி இருக்கு.”

அடுத்தது.

“இது கல்யாணப் பத்திரிகை.”

அதற்கடுத்ததை அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். “எல்லாம் சரி, இந்த ‘ழி’தான் இடிக்குது. வாலைச் சுருட்டிக்கிட்டுப் பூனை தூங்கற மாதிரி இருக்கு. கொஞ்சம் முழிச்சிருக்கற மாதிரி போடுங்களேன்.”

பின்னறையில் அச்சு மெஷினை ஓட்டுகிற மைக்கை அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். விரல் இடுக்கில் எப்போதும் மை இருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க, அந்த அம்மா சொல்வதில் விஷயம் இருப்பதாகப் பட்டது. அந்த எழுத்துருவில் ழகரத்தின் கீழ்ச்சுழி உண்மையிலேயே தொங்கிப்போய்த்தான் இருந்தது. எழுத்தைக் கோடுகளாகப் பிரித்து, சுழியைத் தூக்கி, வாலை இழுத்து நிமிர்த்தினாள். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“இதான்! இதுதான்! இப்ப பக்கத்துல அவரு முகம் வரணும்.”

‘அவர்’ என்பது அந்த அம்மாவின் வீட்டுக்காரர். கடையை ஆரம்பித்தவர். போன வருஷம் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா போனில் ஒரு படம் காட்டினார். கடை வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி ஒரு ஆள். தலையில் தொப்பி, முகம் நிறையத் தாடி, அதிலும் பாதி நிழல். மொத்த முகமும் சுண்டுவிரல் நகம் அளவு.

“வேற படம் இல்லையாம்மா? இதைப் பெருசு பண்ணா கட்டம் கட்டமா உடைஞ்சுபோகும்.”

“போட்டோன்னாலே அவரு ஓடிடுவாரு. இதுவே தெரியாம எடுத்ததுதான். நீங்க வரைஞ்சு அனுப்புங்க. எங்க தப்புன்னு நான் சொல்றேன்.”

இப்படி ஆரம்பித்தது. அவள் வரைந்து அனுப்புவாள். அந்த அம்மா போனிலேயே பேசிப் பதில் அனுப்புவார். முதல் திருத்தத்தில் தொப்பி போயிற்று. “நெத்தி இன்னும் அகலம், முடி இடது பக்கம் வகிடு.” இரண்டாவதில், “கண்ணு இவ்வளவு பெருசு இல்ல. சிரிக்காமயே சிரிக்கற கண்ணு.” மூன்றாவதில் மூக்கு. நான்காவதில் மறுபடியும் மூக்கு. ‘இந்த அம்மாவுக்கு நான் மூக்கு வரையறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டிடும்’ என்று அவள் மைக்கை அண்ணனிடம் புலம்பினாள்.

ஐந்தாவது திருத்தம் புதன்கிழமை காலையில் வந்தது. “தாடியை எடுத்துடுங்க. கடைசி ரெண்டு வருஷம் வெறும் மீசைதான், ஓரம் லேசா கீழ இறங்கும். அதுதான் அவரு.”

தாடியை அழித்து, தாடையை இழுத்து, மீசையை வைத்தாள். ஓரத்தைக் கீழே இறக்கினாள். அனுப்புவதற்காக நகர்ந்த கை அப்படியே நின்றுவிட்டது.

திரையில் அத்தான் இருந்தார்.

அக்காவின் புருஷன். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பி, வேலைக்கும் போகாமல் வீட்டுக்கும் வராமல் காணாமல் போன அத்தான்.

‘சே, பைத்தியம்’ என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். தெரிந்த முகம் கைவழியே இறங்கிவிட்டது, அவ்வளவுதான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பு இருந்தது. ‘காணவில்லை’. ஊரெல்லாம் ஒட்டுவதற்காக அவளே வடிவமைத்த நோட்டீஸ். அதிலிருந்த அத்தானின் படத்தை எடுத்து, கண்ணாடிபோலப் பாதி ஊடுருவித் தெரியும்படி மாற்றி, புதிதாக வரைந்த முகத்தின்மேல் வைத்தாள். அளவைக் கொஞ்சம் குறைத்தாள். கண்மேல் கண் உட்கார்ந்தது. மூக்குமேல் மூக்கு. நான்கு தடவை திருத்திய மூக்கு, முடி அளவுகூடப் பிசகாமல்.

நோட்டீஸின் கீழே அவள் கையாலேயே அடித்த வரி: அடையாளம் – இடது காது மடலில் வெட்டுத் தழும்பு. சைக்கிள்கடைப் படத்தில் இடது காது நிழலில் மறைந்திருந்தது. வரைபடத்தில் அந்தக் காதை அவள் சும்மா ஒப்புக்குத்தான் போட்டு வைத்திருந்தாள்.

போன் பண்ணி நேராகக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, காது மடலில் ஒரு சின்ன வெட்டு வரைந்தாள். அனுப்பினாள்.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது.

“டிசைனரம்மா…” அந்தக் குரலில் வழக்கமான அதிகாரம் இல்லை. “அந்தக் காது. அதை நான் சொல்லவே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நேர்ல வாங்கம்மா” என்றாள்.

வந்தவரை உட்காரவைத்து நோட்டீஸைக் காட்டினாள். அந்த அம்மா தலைப்பைப் படித்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி தலைப்பைப் படித்தார். முகம் வெளிறிப்போயிற்று.

“எனக்கு யாருமே இல்லன்னுதான் சொன்னாரு. அநாதைன்னு.” சொன்னதையே மூன்று தடவை சொன்னார். பிறகு, “நீங்க அவருக்கு…?”

“என் அக்கா வீட்டுக்காரர். ஒரு பொண்ணு இருக்கா. அப்ப அவளுக்கு ஆறு வயசு.”

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தனக்குக் கோபம் வரும் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. எதிரே இருந்தவளும் ஏமாந்தவள்தான் என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

அன்று மத்தியானமே அக்கா வேலை செய்கிற தையற்கூடத்துக்குப் போனாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வார்த்தைகள் ஒன்றுகூட வாசலைத் தாண்டவில்லை. “அத்தானைப் பத்தி ஒரு சேதி” என்று மட்டும் சொன்னாள். அக்கா மெஷினை நிறுத்தினாள். ஊசியடியில் இருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள்.

“செத்துட்டாரா?”

“ஆமாம்க்கா.”

“எப்போ?”

“போன வருஷம்.”

அக்காவுக்கு அது சட்டென்று உள்ளே போகவில்லை. விரலை மடக்கி எண்ணினாள். “போன வருஷமா? அப்போ ஏழு வருஷம்?”

“பஸ்ல நாப்பது நிமிஷ தூரத்துல இருந்திருக்காரு. சைக்கிள் கடை வச்சு, இன்னொரு சம்சாரத்தோட.”

பிணமாகக் கிடப்பாரோ, நினைவு தப்பி அலைவாரோ என்று எட்டு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியவள் அக்கா. அடையாளம் தெரியாத உடல் என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள். இதை மட்டும் அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் சௌக்கியமாக இருந்திருக்கிறார்.

மறுநாள் அக்காவே கிளம்பி டிசைன் அறைக்கு வந்தாள். சைக்கிள்கடைக்காரம்மா ஏற்கெனவே வந்து மூலையில் நின்றிருந்தார். மைக்கை அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். அக்கா திரைக்குக் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தாள்.

“சண்டை ஏதாவது போட்டீங்களா அன்னைக்கு?” என்று அந்த அம்மாதான் கேட்டார், தயங்கித் தயங்கி. “என்கிட்ட ஒண்ணும் சொல்லல. எனக்கும் தெரியணும்ல, ஏன் வந்தாருன்னு.”

“இல்லையே. அன்னைக்குக் காலைல சட்டைப் பொத்தான் அறுந்துபோச்சுன்னாரு. தச்சுக் குடுத்தேன். போட்டுக்கிட்டுப் போனாரு.” அக்கா திரும்பினாள். “உங்ககிட்ட நல்லா இருந்தாரா?”

அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொன்னால் இவளுக்கு வலிக்காது என்று தெரியவில்லை. “இருந்தாரு” என்றார் கடைசியில். அழுதது அவர்தான். அக்காவுக்குக் கண்ணே கலங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் தங்கைக்குப் பயமாக இருந்தது.

“போர்டுல முகம் வேணாம்மா, எடுத்துடுங்க” என்றார் அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “நாலு பேர் பார்க்கணும்னுதான் கேட்டேன். இனிமே எப்படி?”

“நான் எடுக்கச் சொல்லல” என்றாள் அக்கா. “என் பொண்ணு இந்த வருஷத்துலேர்ந்து அந்தப் பக்கம்தான் ஸ்கூலுக்கு பஸ் மாறுறா. ஒருநாள் தலையைத் தூக்கிப் பார்த்தான்னா… அதை நினைச்சாதான் பயமா இருக்கு. முதல்ல நான் அவகிட்ட சொல்லணும். அதுவரைக்கும் வேணாம்.” பிறகு குரலை மாற்றாமலே, “எங்க அடக்கம் பண்ணீங்க?” என்று கேட்டாள்.

“கடைக்குப் பின்னால போற ரோட்டுல இருக்கற மயானத்துல. கூட்டிட்டுப் போறேன், வாங்க.”

தங்கை தானும் வருவதாகச் செருப்பைத் தேடினாள். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். சைக்கிள்கடைக்காரம்மா ஸ்கூட்டரைக் கிளப்பினார். பின்னால் ஏறிய அக்கா பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் ஒரு கணம் தடுமாறி, முன்னால் இருந்தவளின் தோளைப் பிடித்தாள்.

பலகை அடுத்த வாரம் ஏறியது. எழுத்து மட்டும். முகம் வர வேண்டிய இடத்தை என்ன செய்வது என்று மைக்கை அண்ணன் கேட்டார். சைக்கிள் படம் போடலாம், நட்சத்திரம் போடலாம் என்றெல்லாம் யோசனை சொன்னார்.

“வெறுமையா விடுங்கண்ணே” என்றாள் அவள்.

மாதம் இரண்டாகிறது. அக்கா இன்னும் பெண்ணிடம் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் தங்கைக்குப் போன் பண்ணி, “இன்னைக்குச் சொல்லிடறேன்” என்கிறாள்.