பெரியவருக்குக் கிடைத்த ஏழு நாள்

மாமியார் வழுக்கியது புதன்கிழமை காலை. வாக்கர் சுவரில் முட்டி நின்றதால் விழாமல் தப்பித்தாள். இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. குளியலறைக்குப் போகும் நடையில் நாய் மூத்திரம் குளமாகக் கிடந்தது.

லிஃப்ட் மெக்கானிக்கான மருமகன் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டான். நாயைக் காப்பகத்திலிருந்து கூட்டி வந்தவன் அவன்தான். ஒன்பது வயது, மோவாயெல்லாம் நரை. காப்பகத்தில் அதைப் 'பெரியவர்' என்றே அழைத்தார்கள். வந்த பன்னிரண்டு நாளில் பதினான்கு தடவை அதே நடையை நனைத்திருந்தது.

"பெரியவராம் பெரியவர்!" என்றாள் மாமியார், மூச்சு வாங்க. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா மாப்பிள்ளை? இன்னொரு தடவை விழுந்தா நான் எழுந்திருக்க மாட்டேன்."

மனைவி சத்தமே போடவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"ஏழு நாள் பார்ப்போங்க. சரியாகலைன்னா திருப்பிக் கொண்டுபோய் விட்டுடுங்க. எனக்கு எங்கம்மா முக்கியம்."

இந்த வயதில் திரும்பிப் போகிற நாயை வேறு யார் எடுக்கப் போகிறார்கள்?

அன்று மாலையே மறுபடியும் நடை ஈரம். ஆத்திரத்தில் செய்தித்தாளைச் சுருட்டிக் கையை ஓங்கினான். நாய் ஓடவில்லை, உறுமவில்லை. தரையோடு தரையாக ஒட்டி, கண்களை இறுக மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தது. பயத்தில் இன்னும் கொஞ்சம் பெய்தது. ஓங்கிய கையை இறக்கத் தெரியாமல் நின்றான். யாரோ இதை வருஷக்கணக்கில் அடித்திருக்கிறார்கள்.

கால்நடை மருத்துவர் சோதித்துவிட்டு நோய் எதுவும் இல்லை என்றார்.

"வெளிய கூட்டிட்டுப் போனா?"

"ஒரு மணி நேரம் சுத்தினாலும் ஒரு சொட்டு கிடையாது டாக்டர். வீட்டுக்குள்ள வந்ததும், யாரும் பார்க்காத நேரத்துல வேலையைக் காட்டிடுது."

"மனுஷன் கண்ணு முன்னால ஒண்ணுக்குப் போனா அடி விழும்னு கத்துக்கிட்டிருக்கு. நீளக் கயிறு கட்டி, தள்ளி நில்லுங்க. வெளிய போனா உடனே தின்னக் குடுங்க. உள்ள போனா திட்டாம வாடை போகத் துடைச்சிடுங்க."

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை. எட்டு மீட்டர் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு, நாய்க்கு முதுகைக் காட்டி நின்றான். எழுந்ததும் ஒரு தடவை, சாப்பிட்டதும் ஒரு தடவை, வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை. நான்காம் நாள் காலை புதருக்குப் பின்னாலிருந்து சலசலவென்று சத்தம் வந்தது. திரும்பாமலே அவித்த கோழித் துண்டை நீட்டினான். ஐந்தாம் நாள் வீடு காய்ந்தே இருந்தது. ஆறாம் நாள் மாலை நடையில் மறுபடி ஈரம். மனைவி துணியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

ஏழாம் நாள் பிற்பகல். ஒரு அலுவலகக் கட்டடத்து லிஃப்டுக்கு மேலே மண்டியிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாமியார்.

"மாப்பிள்ளை, இது வாசக்கதவைப் பிறாண்டுது. என்னைப் பார்க்குது, கதவைப் பார்க்குது. நான் என்ன பண்ண?"

"அத்தை! அது வெளிய போகணும்னு கேக்குது. கதவைத் திறக்காதீங்க, உங்களை இடிச்சுத் தள்ளிடும். இருபது நிமிஷத்துல வந்துடுறேன்."

கூட்டாளியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். போனை அணைக்கவில்லை. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் உயிர் போய் உயிர் வந்தது. காதில் மாமியாரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பேச்சு அவனிடம் இல்லை, நாயிடம்.

"பொறுத்துக்கோப்பா. ஆஸ்பத்திரியில எனக்கும் இதே பாடுதான். பெல்லை அடிச்சிட்டு, நர்ஸ் வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டுக் கிடந்தேன். இதோ வந்துடுவாரு."

கதவைத் திறந்தான். நாயின் பின்னங்கால்கள் வெடவெடத்தன. வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியாரின் கை அதன் கழுத்தில் இருந்தது. தரையில் ஒரு துளி இல்லை.

நீளக் கயிற்றைத் தேட நேரமில்லை. கழுத்துப்பட்டையைப் பிடித்தபடியே படியிறங்கி ஓடினான். மனையில் கால் வைத்ததும் அவன் பக்கத்திலேயே, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பெரியவர் பெய்தது. நெடுநேரம் பெய்தது. அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"நல்ல பிள்ளை," என்றான்.

மாலையில் மனைவி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள். "அது இங்கேயே இருக்கட்டும்டி. வாய்விட்டுக் கேட்டுச்சு."

பிறகும் மழை நாட்களில் இரண்டு தடவை நடை நனைந்தது. துடைத்தார்கள்.