கரண்டியை மட்டும் வெட்டியிருக்கலாம்

அலுவலகத்தில் அவருக்கு ஆலோசகர் என்று பெயர். பாதி மரியாதை, பாதி கிண்டல். எந்தப் பாதி எப்போது என்பது கூப்பிடுகிறவரின் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். பதினோரு வருடமாகப் புதன்கிழமை தோறும் பத்திரிகையின் வணிகப் பக்கத்தில், இடதுபக்க மூலையில், தொழில் செய்கிறவர்களுக்கு அவர் யோசனை சொல்லிவந்தார். கூட்டாளி கை விரித்தால் என்ன செய்வது, மேலாளர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் எப்படிச் சமாளிப்பது, வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகக் கடை போடலாமா. எதைக் கேட்டாலும் நூற்றைம்பது வார்த்தையில் பதில் தயார்.

அவர் சொந்தமாகச் செய்த ஒரே தொழில் குடை வியாபாரம். அந்த வருடம் பார்த்து மழை காலை வாரிவிட்டது. மிச்சமான குடைகளில் ஒன்று இன்னும் மேஜைக்கடியில் கிடக்கிறது. நல்ல குடைதான், மழையில் மட்டும் விரியாது. இந்த விவரம் பத்திரிகையில் வந்ததில்லை. வந்ததெல்லாம் அவருடைய படம்: இரவல் கோட்டு, கன்னத்தில் கை, உலகத்துத் தொழிலதிபர்களெல்லாம் வாசலில் வரிசையில் நிற்பதுபோல ஒரு பார்வை.

வரிசையில் யாரும் நிற்காத வாரங்களும் உண்டு. அப்போது கேள்வியையும் அவரே எழுதிக்கொள்வார். ஆசிரியருக்கு இது தெரியும். தெரியும் என்பது இவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அந்த வாரம் வணிகப் பக்கத்தில் பெரிய செய்தி ஒன்று இருந்தது. ஒரு கம்பெனி தொள்ளாயிரம் பேரை ஒரே மின்னஞ்சலில் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. ஆட்களைப் போகச் சொல்வது பற்றி ஒரு கேள்வி இருந்தால் செய்திக்குப் பக்கத்தில் எடுப்பாக இருக்கும் என்றார் ஆசிரியர். ஆலோசகர் தபாலைக் குடைந்தார். மூன்று கடிதங்கள். ஒருவர் கடன் கேட்டிருந்தார். ஒருவர் மேலாளரைக் காதலிக்கலாமா என்று கேட்டிருந்தார். மூன்றாமவர் எதுவும் கேட்கவில்லை, இவருக்கே ஒரு காப்பீட்டுத் திட்டம் விற்கப் பார்த்திருந்தார்.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது.

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அக்காவின் கணவர், அதாவது அத்தான், அட்டைப்பெட்டிப் பட்டறை வைத்திருக்கிறார். பெட்டி செய்து, அதில் கண்ணாடித் தம்ளர்களை அடுக்கிக் கடைகளுக்கு அனுப்புவது தொழில். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற இடத்தில், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு அத்தான் விஷயத்தைச் சொன்னார். மடிப்பு இயந்திரம் ஒன்று வாங்கியாயிற்று. அது வந்தபிறகு கரண்டியம்மாவுக்கு வேலை இருக்காது.

கரண்டியம்மா பட்டறை திறந்த நாளிலிருந்து அங்கே இருப்பவர். பெட்டி மூடியின் நாலு மூலையையும் மடித்து, ஒரு எவர்சில்வர் கரண்டியின் முதுகால் ஒரு இழுப்பு இழுப்பார். மூலை கத்திபோல நிற்கும், அட்டை வெடிக்காது. பட்டறையில் எல்லாருக்கும் ஆளுக்கொரு கருவி உண்டு. கரண்டி இவருக்கு மட்டும்தான்.

"பத்தொன்பது வருஷம்டா. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் போய்ச் சொல்றது? யார்கிட்டயும் மூச்சு விடாத. உங்க அக்காகிட்டகூட" என்றார் அத்தான். குழாயை மூடினார். விஷயமும் மூடியது.

செவ்வாய்க்கிழமை ஆலோசகர் அதைத் திறந்தார். முறைப்படி எல்லாவற்றையும் மாற்றினார். அட்டைப்பெட்டி சோப்பாயிற்று. பத்தொன்பது வருடம் இருபதாயிற்று. அத்தானுக்குக் கண்ணாடி மாட்டி, ஆங்காங்கே கொஞ்சம் வழுக்கை வைத்தார். கடைசியில் அந்த வரி வந்தது: "சோப்புத் தாளின் மடிப்பைக் கரண்டியின் முதுகால் அவர் அழுத்துகிற அழகே தனி." பேனாவை அதன்மேல் வைத்தார். வெட்ட வேண்டிய வரி அது. அவருக்கும் அது தெரியும். ஆனால் அந்த ஒரு வரியில்தான் கேள்விக்கு உயிர் இருந்தது. அது போனால் மிச்சம் வெறும் சோப்பு. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பதில் இன்னும் ஜோராக அமைந்தது. தள்ளிப்போடுகிற இரக்கம் இரக்கமே அல்ல, முதலாளிக்குத் தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசை. ஒரு வாரத்துக்குள் நேரில் சொல்லிவிடுங்கள். தொழிலில் கைக்குட்டைக்கு இடமில்லை. கைக்குட்டை வரியை ஆசிரியர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். ஆலோசகர் நாலு நாள் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்.

பதினைந்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. காகிதத்தில் இல்லை, வெட்டிய அட்டைத் துண்டின் பின்பக்கத்தில். எழுத்து குண்டு குண்டாக, கோடு பிசகாமல் இருந்தது.

"ஐயா, வணக்கம். சோப்புக் கம்பெனி முதலாளிக்கு நீங்கள் சொன்ன பதிலைப் படித்தேன். அது சோப்பு இல்லை, அட்டைப்பெட்டி. அந்தக் கரண்டி என்னுடையது. எங்கள் முதலாளி நல்லவர். கடுமையாகப் பேசத் தெரியாது. நீங்கள் ஒரு வாரத்துக்குள் சொல்லச் சொன்னீர்கள். நான் அதைப் படித்தே பத்து நாள் ஆகிவிட்டது. தினமும் என் மேஜை வரைக்கும் வந்து, பசை போதுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார். பார்க்கவே பாவமாக இருக்கிறது. அவருக்குச் சங்கடம் இல்லாமல் நானே எப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவது என்பதுதான் என் கேள்வி. என் பெயர் போட வேண்டாம்."

ஆலோசகர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் ஒரு தம்ளர் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தம்மா பத்திரிகை வாங்குகிறவர் இல்லையே, இது எப்படி அவர் கைக்குப் போயிற்று என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு புரிந்தது. தம்ளர்களுக்கு நடுவே கசக்கித் திணிக்கப் பட்டறைக்குப் பழைய தாள் வேண்டும். பத்திரிகையில் விற்காத கட்டுகளை வாரா வாரம் அங்கே அனுப்ப ஏற்பாடு செய்தது யார்? இவரேதான். அக்காவிடம் நல்ல பெயர் வாங்கச் செய்த காரியம். கரண்டியம்மா ஒரு தாளைக்கூடப் படிக்காமல் கசக்கமாட்டார் என்று அத்தான் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். தன் குற்றத்தைத் தானே கட்டுக் கட்டாக வண்டியேற்றி அனுப்பிய ஆள் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அன்று மதியமே பட்டறைக்குப் போனார். வாசலில் அத்தான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்க்க இவருக்குக் கூசியது.

"வாடா, உன்னைத்தான் நெனச்சேன். கரண்டியம்மா வேலையை விடறாங்களாம். இந்த வாரத்தோட சரியாம். முழங்கால் வலின்றாங்க. ஊருக்கெல்லாம் யோசனை சொல்றியே, அவங்களை எப்படி நிறுத்தறதுன்னு எனக்கொண்ணு சொல்லு."

ஆலோசகர் திகைத்தார். இயந்திரம் வந்துவிட்டதே, அவர் போனால் நல்லதுதானே என்று மெல்லக் கேட்டார். அத்தான் உள்ளே கை காட்டினார். மூலையில் இயந்திரம் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. ஞாயிறு பேசிய மறுநாளே அது வந்து இறங்கியதாம், அன்றே ஓட்டிப் பார்த்தாராம். நூறு மூடிக்கு நாற்பதின் மூலை வெடித்தது. அப்போதே அந்தப் பேச்சை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஏதோ மனக்குழப்பத்தில் உளறியது, அதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்றார்.

ஆலோசகர் மனதுக்குள் நாளைக் கூட்டிப் பார்த்தார். ஞாயிறு பேச்சு, திங்கள் இயந்திரம், புதன் பத்திரிகை. அச்சேறும் முன்பே அந்தக் கேள்வி செத்துப்போயிருந்தது. பிணத்துக்குத்தான் அவர் அத்தனை அழகாகப் பதில் சொல்லியிருந்தார்.

"அப்ப தினமும் போய்ப் பசை போதுமான்னு கேட்டீங்களாமே?"

"பசை மட்டமா வந்திருக்குடா, ஒட்டவே மாட்டேங்குது. அதைக் கேக்காம வேற எதைக் கேக்கறது? அது சரி, உனக்கு யார் சொன்னா?"

இந்த இடத்தில் தப்பிக்க ஒரு சந்து இருந்தது. ஆலோசகர் அதில் ஒரு காலை வைக்கவும் செய்தார். சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள் என்றார். ஏற்றிச் சொல்லிப் பார்த்தாயிற்றாம், அந்தம்மா சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றாராம். தெரியாம ஏதாவது மனசு நோகப் பேசிட்டேனாடா என்று அத்தான் கேட்டபோது, குரல் சிறுபிள்ளைக் குரல்போல இருந்தது. ஆலோசகர் காலை இழுத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

அத்தான் அதைப் படித்தார். உள்ளே போய்க் கட்டுகளைப் புரட்டி, இரண்டு வாரத்துக்கு முந்தைய புதன்கிழமைத் தாளைத் தேடியெடுத்து அதையும் படித்தார். கைக்குட்டை வரியில் கொஞ்சம் நின்றார். திட்டுவார் என்று ஆலோசகர் எதிர்பார்த்தார், திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தார். அத்தான் தாளை நாலாக மடித்தார்.

"கரண்டியை மட்டும் வெட்டியிருக்கலாமேடா."

"ஆமா அத்தான்."

"ஏன் வெட்டலை?"

"நல்லா இருந்துச்சு."

அத்தான் தலையை ஆட்டினார். நீயே போய்ச் சொல் என்று உள்பக்கம் காட்டினார்.

கரண்டியம்மா நீள மேஜையின் கோடியில் நின்றபடி மூடி மடித்துக்கொண்டிருந்தார். கரண்டியின் கழுத்தில் பழைய துணி சுற்றியிருந்தது. இவர் பக்கத்தில் போய் நின்றதும் நிமிர்ந்து முகத்தை அளந்தார்.

"நீங்கதானா அது? படத்துல முடி நிறைய இருக்கு."

"பழைய படம்மா."

"கோட்டும் நல்லாயிருந்துச்சு."

"அதுவும் என்னோடது இல்லை."

அவர் ஒரு மூலையை அழுத்தி முடிக்கும்வரை ஆலோசகர் காத்திருந்தார். பிறகு, அந்தக் கேள்வியை முதலாளி எழுதவில்லை, தானே எழுதியது என்றார். கரண்டி நின்றது.

"அவர் சொல்லாம உங்களுக்குக் கரண்டி எப்படித் தெரியும்?"

எல்லாம் என் கற்பனை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். பதினோரு வருடம் கேள்வியைக் கற்பனை செய்த வாய்க்கு அது ஒரு பாரமா? ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வரவில்லை.

"சொன்னார். ஒருநாள், வீட்டுல, கை கழுவும்போது. மறுநாளே அந்த எண்ணத்தை விட்டுட்டார். விடாம பிடிச்சுக்கிட்டது நான்தான்."

"அப்ப ஒருநாள் நெனச்சிருக்கார்."

"ஒரே ஒருநாள்."

"நீங்க பொய் எழுதலை."

"இல்லைம்மா."

"பொய்யா இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றார் கரண்டியம்மா.

ஆலோசகருக்கு நிற்க இடம் போதவில்லை. அத்தானுக்கு அவர் தேவை, தயவுசெய்து இருங்கள், எல்லாத் தப்பும் என்னுடையது என்று என்னென்னவோ சொன்னார். அந்தம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"என் கேள்விக்கு இன்னும் பதில் வரலையே?"

"எனக்குத் தெரியலைம்மா."

பதினோரு வருடத்தில் அவர் சொன்ன பதில்களிலேயே சின்னது அதுதான். அந்தம்மா அதை ஒரு தடவை மனதில் போட்டுப் பார்த்ததுபோல இருந்தது.

"முழங்கால் வலின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பக்கத்துல இருக்கறவங்க தைலம்கூட வாங்கிக் குடுத்துட்டாங்க. இப்ப வலி இல்லைன்னா, நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். எழுத்துல பொய் வந்தா கெடறது உங்க பேரு. இங்க கெடறது என் பேரு."

அதற்குள் அத்தானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேஜை வரைக்கும் வந்துவிட்டார். சொல்ல நினைத்துவந்த எதுவும் வாயில் வரவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், வேறு வழியில்லாமல், அதே கேள்வியைக் கேட்டார்.

"பசை போதுமா?"

பட்டறையில் நாலைந்து தலைகள் திரும்பின. கரண்டியம்மா அத்தானைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது என்று ஆலோசகர் நினைத்தார். அது இனிமேல் எங்கும் போகாது.

"பசை மட்டம்தான், ஆனா போதும். ஒரு உயரமான நாற்காலி வேணும். முழங்காலுக்கு."

மறுநாள் காலை நாற்காலி வந்துவிட்டது. ஆலோசகரே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கி, தூக்கிக்கொண்டு வந்தார். அக்காவுக்கும் கதை போயிருந்தது. மூன்று ஞாயிறு அவருக்குச் சாப்பாட்டு அழைப்பு இல்லை. நாலாவது ஞாயிறு அழைப்பு வந்தது. ஆனால் கை கழுவுகிற இடத்தில் அத்தான் மழையைப் பற்றி மட்டும் பேசினார்.

இனிமேல் கேள்வி வந்தால்தான் பதில் என்று ஆலோசகர் ஆசிரியரிடம் சொல்லிவிட்டார். என்ன கேள்வி, எப்போது வராமல் போயிற்று என்று ஆசிரியர் ஒன்றும் தெரியாதவர்போல முழித்தார். கேள்வி வராத வாரங்களில் அந்த மூலையில் இப்போது கொசுவலை விளம்பரம் வருகிறது. அதற்கும் பாராட்டிக் கடிதம் வந்ததாகக் கேள்வி.

ஒருநாள் தாள் கட்டு இறக்குகிற சாக்கில் அவர் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். கரண்டியம்மா உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடித்த மூடிகள் ஒருபக்கம், தம்ளர்கள் ஒருபக்கம். ஒவ்வொரு தாளாக எடுத்து, வழக்கம்போல மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுக் கசக்கினார். விளையாட்டுப் பக்கத்தைப் படித்தார். சினிமாப் பக்கத்தைப் படித்துச் சிரித்தார். பிறகு புதன்கிழமைத் தாள் ஒன்று வந்தது. இரவல் கோட்டும் கன்னத்துக் கையுமாக ஆலோசகர் அதில் உட்கார்ந்திருந்தார். அந்தம்மா அதைப் படிக்கவில்லை, கோபமாகக் கசக்கவுமில்லை. படம் உள்பக்கம் போகும்படி பதமாக மடித்து, இரண்டு தம்ளர்களுக்கு நடுவில் வைத்து, மூடியைப் போட்டு, நாலு மூலையையும் கரண்டியால் ஒரு இழுப்பு இழுத்தார்.

ஆலோசகர் கட்டை இறக்கிவைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே வந்தார். மழை பிடித்துக்கொண்டிருந்தது. மேஜைக்கடியிலிருந்து கையோடு எடுத்து வந்திருந்த குடையை விரிக்கப் பார்த்தார். அது விரியவில்லை.