நகப்பாலிஷ் கோடு

என் காதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது நானே பேச்செடுக்கிறேன். பேசாமல் இருந்து பார்த்தாயிற்று, முடியவில்லை.

என் பெயர் பாக்கியநாதன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் பத்தொன்பது வருஷமாக ஃபிட்டர். தகட்டை வைத்து அடிக்கிற மெஷின்கள் வரிசையாகப் பதினொன்று நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். அதற்காக ஆளுக்கொரு காதுமூடி கொடுத்திருந்தார்கள். அது லாக்கரில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும். ஆடிட்டுக்கு ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் வெளியே எடுப்போம். மற்ற நாளில் எவனாவது மாட்டினால், பக்கத்து மெஷின்காரன் "இன்னா, புதுசா வந்துகிறியா?" என்று கேட்டே அவனைக் கழற்ற வைத்துவிடுவான். அடி விழுகிற சத்தத்தை வைத்தே, தகட்டுக்கு அச்சான டையில் என்ன கோளாறு என்று சொல்கிறவன்தான் எங்கள் ஷாப்பில் நல்ல ஃபிட்டர். நான் நல்ல ஃபிட்டர். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

அதன் பலனும் உண்டு. புதுவாயலில் எங்கள் வீட்டில் உப்பு கேட்டால்கூடத் தெருவில் போகிறவன் சண்டை என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பான். டிவி நாலு வீட்டுக்குக் கேட்கும். என் மனைவி சந்திரகலா ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்லிவிட்டு, "செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரிதான்" என்று முடிப்பாள். அந்தக் கடைசி வரி மட்டும் எனக்குச் சரியாகக் கேட்கும்.

எங்களுக்கு ஒரே பெண், ஜெமிமா. சர்ச்சில் கஞ்சிரா தட்டிக்கொண்டிருந்தவள், எட்டாவது படிக்கும்போது டிரம்ஸ் வாசிக்கிறவர் ஊருக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கேட்காமலே போய் உட்கார்ந்து வாசித்துவிட்டாள். அதிலிருந்து அந்த ஸ்டூல் அவளுடையது. பெரிய இசைக்குழுவில் வாசிக்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தாள். சந்திரகலாவுக்குப் பயம். எனக்குப் பெருமை. பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம், 2006, பொன்னேரியில் ஒரு கச்சேரிக்காரர் விற்ற பழைய எலக்ட்ரானிக் டிரம்ஸை வாங்கி வந்தேன்.

அதற்குத் தனியாகச் சத்தம் கிடையாது. ரப்பர் தட்டுகளில் அடித்தால் தொப் தொப் என்றுதான் கேட்கும். சத்தமெல்லாம் பக்கத்தில் இருக்கிற பெட்டியிலிருந்துதான் வர வேண்டும். அதில் ஸ்பீக்கரை மாட்டலாம், ஹெட்போனையும் மாட்டலாம். எனக்கு ஷிஃப்ட் வேலை, பகலில் தூங்கியாக வேண்டும். அதனால் ஹெட்போன் என்று முடிவானது. காதை முழுக்க மூடுகிற பெரியதாக, ஆயிரத்துக்குள் ஒன்று.

ஒரு சனிக்கிழமை காலை நாஷ்டாவை முடித்துவிட்டு, பெட்டியையும், ஜால்ரா மாதிரி ஒலிக்கிற சிம்பல் தட்டு ஒன்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, அப்பனும் மகளும் எலக்ட்ரிக் ரயில் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் பையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். ஆனாலும் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தார்.

முதலில் காட்டியது காதின் மேல் சும்மா உட்காருகிற மாதிரி. ஜெமிமா தலையை இரண்டு தடவை ஆட்டியதும் அது கழுத்துக்கு வந்துவிட்டது. அடுத்ததன் முதுகில் வலை வைத்திருந்தது, உள்ளே வருகிற பாட்டு கல்லாவில் இருந்த அம்மாவுக்கும் கேட்டது. கடைசியில் இரண்டு நின்றன. இரண்டுமே காதை முழுசாக மூடுகிறவை. இரண்டுக்கும் நீள ஒயர், கிட்டத்தட்ட ஒரே விலை.

ஜெமிமா ஒன்றை மாட்டிக்கொண்டு, பெட்டியின் சவுண்ட் திருகியைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பி, தட்டில் தட்டிப் பார்த்தாள்.

"இது நல்லாகீதுப்பா. மெத்துனு கேக்குது."

நான் வாங்கி மாட்டினேன். ஒன்றுமே இல்லை. திருகியைத் திருப்பினேன், இன்னும் திருப்பினேன். பெரிய டிரம் கேட்டது. சிம்பல் எங்கோ மூடிபோட்ட பாத்திரத்துக்குள் கேட்டது.

"இன்னாது இது, கம்பளியைப் போத்துன மாதிரி? சிம்பலே வரல."

"வருதேப்பா."

"உனக்கு இன்னா தெரியும்? பதினேழு வருஷமா சத்தத்துலயே பொழப்பு நடத்துறவன் நானு."

இன்னொன்றை மாட்டினேன். கீச்சென்று எடுப்பான சத்தம். சிம்பல் தகடு வெட்டுகிற மாதிரி சுத்தமாக விழுந்தது. இதுதான் என்று சொல்லி அவள் தலையில் மாட்டினேன். அவள் கண்கள் சட்டென்று மூடிக்கொண்டன, ஓரத்தில் நீர் கட்டியது. பிள்ளை சந்தோஷத்தில் அழுகிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கடைக்காரர் எட்டித் திருகியைப் பார்த்துவிட்டு, "சார், இவ்ளோ வச்சா பாப்பாவுக்குக் காது போயிரும்" என்றார்.

"பில்லைப் போடுய்யா" என்றேன்.

எங்கள் ஷாப்பில் ஒரு பழக்கம் உண்டு. எந்த மெஷினிலும் சரியான அளவு கிடைத்துவிட்டால், திருகியின் மேல் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுவோம். அப்புறம் யார் வந்தாலும் அந்தக் கோட்டில்தான் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை நான் மாட்டிக்கொண்டு, ஜெமிமாவை வாசிக்கச் சொல்லி, எல்லாத் தட்டும் தெளிவாகக் கேட்கிற இடத்தில் திருகியை நிறுத்தினேன். பெயின்ட் இல்லை. சந்திரகலாவின் சிவப்பு நகப்பாலிஷை எடுத்துக் கோடு போட்டேன்.

"இந்தக் கோட்டுலயே வச்சு வாசி. கம்மியா வச்சா கை ஓங்கி அடிக்கும், ரப்பரும் போவும், என் தூக்கமும் போவும்."

அதில் பாதி உண்மைதான். சத்தம் பத்தாவிட்டால் யாருக்கும் கை கனத்துவிடும். முட்டாள்தனத்துக்குக்கூட எனக்கு ஒரு காரணம் வேண்டும், வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அவள் வந்து நின்றாள். "அப்பா, கொஞ்சம் கொறைச்சுக்கட்டா?"

நான் ஷிஃப்ட் முடித்து வந்த அசதியில் இருந்தேன். "அளவு வச்சுக் குடுத்தா அளவுல நில்லு. பேஜாரு பண்ணாத" என்றேன். அவள் அப்புறம் கேட்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கேட்காத பிள்ளையாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று இப்போது தினமும் நினைக்கிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மூன்று மணி நேரம் வாசிப்பாள். ஒன்றரை வருஷம். வாசிப்பு ஏறிக்கொண்டே போனது. ரெட்ஹில்ஸிலிருந்து ஒரு குழு வந்து கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு அவளைக் கேட்டுவிட்டுப் போனது. சிப்காட் முழுக்க நான் சொல்லிச் சொல்லி, கேண்டீனில் டீ ஊற்றுகிறவருக்கும் ஜெமிமா பெயர் தெரியும்.

அந்தச் சமயம்தான், சர்ச் முடிந்து நடந்து வரும்போது கேட்டாள்.

"அப்பா, ஜெபத்துல எல்லாரும் அமைதியா இருக்கறப்ப ஒரு விசில் சத்தம் வருதே, உனக்கும் கேக்குதா?"

எனக்கும் கேட்கும். பத்து வருஷமாகக் கேட்கிறது. படுத்தால் கேட்கும், பைபிளைத் திறந்தால் கேட்கும். ஷாப்பில் எல்லோருக்கும் அது உண்டு. அதற்குக் கம்பெனி சங்கு என்று பெயர்கூட வைத்திருந்தோம். உலகத்தில் மனுஷனாகப் பிறந்த எல்லோருக்கும் அமைதியில் அப்படித்தான் கேட்கும் என்று, இந்த வயதுவரை, நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"அது எல்லாருக்கும் இருக்கறதுதான்மா" என்றேன்.

"அப்டியா" என்றாள், நிம்மதியாக.

அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருந்தால் அதோடாவது நின்றிருக்கும். அதற்குப் பிறகும் ஐந்து மாதம் அவளை அந்தக் கோட்டில் வாசிக்க விட்டேன்.

கண்டுபிடித்தது சந்திரகலா. செல்போன் மேஜைமேல் அடித்துக்கொண்டிருந்தது. ஜெமிமா அதற்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த சந்திரகலாவுக்குக் கேட்டு, ஈரக்கையோடு ஓடி வந்தாள். அவள் வந்து போனை எடுக்கும்வரை பெண் திரும்பவில்லை. சந்திரகலா போனில் பேசவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு மகளையே பார்த்தாளாம்.

நான் வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். அவள் கத்தாமல் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இந்த ஊட்டுல எல்லாரும் கத்திக்கினே இருந்தோம். புள்ளைக்குக் கேக்கலன்றதே தெரியாம பூடுச்சு."

சென்னையில் ஒரு காது டாக்டரிடம் போனோம். சோதனை செய்கிற பெண் சின்ன வயதுக்காரி. அப்பாவுக்கும் பார்த்துவிடலாமே என்றாள். முதலில் நான். பிறகு ஜெமிமா. கண்ணாடி அறை, அங்கேயும் ஒரு பெரிய ஹெட்போன். சத்தம் கேட்டால் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே நின்று அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் டக் டக்கென்று அழுத்தினாள். அப்புறம் விரல் சும்மா இருந்தது. அழுத்தும்மா, அழுத்தும்மா என்று எனக்குள் கெஞ்சினேன். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள், எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு.

சோதனை செய்த பெண் எங்கள் இரண்டு பேர் ரிசல்ட் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் கோடு நேராக வந்து, வலது பக்கம், கீச்சுச் சத்தங்களுக்கான ஒரே இடத்தில், பள்ளத்தில் இறங்கியிருந்தது. என்னுடையது ஆழம், ஜெமிமாவுடையது கொஞ்சம் மேலே. தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்தப் பெண் கேட்டாள்:

"ரெண்டு பேரும் ஒரே கம்பெனியிலயா வேலை செய்யறீங்க?"

சந்திரகலாதான் சொன்னாள், "அது பிளஸ் டூ படிக்குதும்மா."

போனது திரும்பாது என்றார் டாக்டர். வாசிக்கலாம், சத்தத்தைக் குறைத்து, நேரத்தைக் குறைத்து. திரும்ப ரயில் ஏறினோம். மீஞ்சூர் தாண்டும்போது ஜெமிமா என் கையைத் தட்டி, "நீ வேணும்னேவா செஞ்ச? வுடுப்பா" என்றாள். வேண்டுமென்று செய்யவில்லைதான். வேண்டாமென்று அவள் கேட்டாளே, கடையில் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை. அதற்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக பிளேடை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். நகப்பாலிஷ் காய்ந்து கெட்டியாகியிருந்தது. சுரண்டினேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. ஜெமிமா வந்து எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குக் கடையில நீ எங்கம்மா வச்ச?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. கையை நீட்டித் திருகியைக் கீழே கொண்டுபோய், கொஞ்சமே கொஞ்சம் மேலே ஏற்றி நிறுத்தினாள். "இங்க."

ஒன்றரை வருஷமாக அந்த இடம் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

ஹெட்போனை எடுத்து நான் மாட்டிக்கொண்டேன். அவள் குச்சிகளை எடுத்து வாசித்தாள். அவள் கை போவதும் வருவதும் தெரிந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் பிள்ளைக்குப் போதுமாயிருந்த இடம் அது. கழற்றி அவளிடம் கொடுத்தேன்.

அவள் மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தாள். பெரிய டிரம், சின்ன டிரம், பிறகு சிம்பல் தட்டு. நின்றாள். சிம்பலை மட்டும் திரும்பத் தட்டினாள். ரப்பர் தொப்பென்றது. இன்னொரு தடவை தட்டினாள். திருகியின் பக்கம் அவள் கை போய், என்னைப் பார்த்துவிட்டு, அதைத் தொடாமல் திரும்பி வந்தது.

"மத்ததெல்லாம் கேக்குதுப்பா" என்றாள். "சிம்பல் மட்டும் வரல."