ஆறு கட்டிலுக்கு ஒரு கையுறை

வார்டு ஆயா நான்காம் கட்டில்காரரை ஒருக்களித்துப் பிடித்து, முதுகுப் புண்ணின் சீழைத் துடைத்தாள். பிறகு கையுறையைக் கழற்றாமலே குழாயில் கழுவிக்கொண்டு ஐந்தாம் கட்டிலுக்குப் போனாள். ஆறு கட்டிலுக்கும் சேர்த்து ஒரு ஷிப்டுக்கு ஒரு ஜோடிதான். "கழுவிக் கழுவிப் போடு, கிழிஞ்சா வந்து கேளு" என்று சொல்லியிருந்தார் சூப்பர்வைசர்.

ஐந்தாம் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். உடைந்த கால் தேறி வந்த நேரத்தில் காய்ச்சல் கண்டது. எந்த ஊசிக்கும் இறங்கவில்லை. ஆறாம் நாள் போய்விட்டான்.

மறுநாள் பரிசோதனைக்கூடத்து ஆள் வந்து, ஆயாக்களின் உள்ளங்கைகளைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தார்.

"அப்படியே ரேகையும் பாத்துச் சொல்லுங்க சார், நல்ல காலம் எப்பப் பொறக்கும்?" என்று அவள் சிரித்தாள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். டாக்டர்களின் கையை யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார்.

"நாலாம் கட்டில்காரர் புண்ணுல இருந்த கிருமிதான் டிரைவர் ரத்தத்துலயும் இருந்துச்சு, உங்க கையிலயும் இருக்கும்மா. மருந்தையே வெட்டிப்போடற ஒரு நொதி அதுக்குள்ள ஊறுது. பக்கத்துக் கிருமிக்கும் அந்த வித்தையக் கொடுத்துடும்."

"அப்ப அந்தத் தம்பிய நான்தான் கொன்னுட்டனா?"

டாக்டரம்மா மேசையைப் பார்த்தார். "ஆளுக்கு ஆள் கையுறை மாத்தலையா?"

கதவோரம் சூப்பர்வைசர் நின்றிருந்தார். ஆயாவின் மகளைச் சலவைப் பிரிவில் சேர்த்துவிட்டவர் அவர்தான். சேர்ந்து இருபது நாள்கூட ஆகவில்லை.

"மறந்துட்டேங்க" என்றாள் ஆயா.

மாடிப்படியில் டிரைவரின் மனைவி எதிரே வந்தாள். கையில் இறப்புச் சான்றிதழ். "கூடப் பொறந்தவ மாதிரி பாத்துக்கிட்டீங்களேக்கா" என்று கையைப் பிடிக்க வந்தாள். ஆயா சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. ஆயாவுக்கு முகம் எரிந்தது. சுவரை ஒட்டியபடி இறங்கிப் போனாள்.

அலுவலக அறையில் குமாஸ்தா ஒரு தாளைத் தள்ளினார். சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டுப் போவதாக எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பி நீட்டினாள்.

குமாஸ்தா நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்.

"வேணாம், வேணாம். நீயே வச்சுக்க."