பதற்றப் படமும் பார்த்தவர் அபிப்பிராயமும்

"அத்தான், கையை எங்க வெச்சுக்கட்டும்?"

"எங்க வேணா வெச்சுக்க. மேரி, எனக்குக் கப்பல்ல எடம் கெடைச்சுடுச்சு. தபசு காலம் பொறந்ததும் பாரீசுக்குக் கெளம்பறேன்."

"என்னது?"

"அசையாத! அப்படியே இரு. அந்த மூஞ்சிதான் வேணும். ஆகா!"

உப்பளத்து வீட்டு மொட்டைமாடியில் நடந்த இந்தப் பேச்சு ஆனந்தமேரிக்கு மறக்கவில்லை. மறக்கத்தான் யார் விட்டார்கள்? அன்றைக்கு அவள் முகம் போன போக்கை யூஜின் கேமராவில் பிடித்துவிட்டான். இதோ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சினிமா ரசிகர் சங்கத்துக் கூடத்தில், வெள்ளைத் துணியில் அந்த முகம் ஆள் உயரத்துக்கு விரிந்து கிடந்தது.

யூஜின் அவளுடைய அத்தை மகன். படிக்கப் பாரீசு போய், பட்டம் வாங்காமல் கேமரா வாங்கிக்கொண்டு வந்தவன். ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியும், அவன் கழுத்தில் சுற்றிய கம்பளித் துணி மட்டும் இறங்கவில்லை. புதுச்சேரி வெயிலில் அது அவனுக்கு வேர்க்குரு தந்தது. அவன் அதைக் கலைக்குக் கொடுக்கும் விலை என்று எண்ணினான். இப்படிப்பட்டவனைத்தான் மேரிக்குப் பிடித்திருந்தது. அதற்கெல்லாம் காரணம் கேட்கக் கூடாது.

"மேரி யூஜினுக்குத்தான்" என்று இரண்டு வீட்டிலும் சின்ன வயதிலிருந்தே பேச்சு. எப்போது என்றுதான் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெண்ணைப் பெற்றவன் முதலில் கேட்பதா என்று அப்பா கௌரவம் பார்த்தார். நேரம் வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று அத்தை இருந்தாள். யூஜினோ படம் எடுத்துக்கொண்டிருந்தான். மாதா கோயிலில் சாமியார் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை படித்த பிறகுதான் தாலி. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் கல்யாணமே கிடையாது. அதற்கு மூன்றே ஞாயிறு பாக்கி; வருகிற ஞாயிறு ஓலை படிக்காவிட்டால், தாலி இல்லாமல் கப்பல் போய்விடும். கேட்டுவிட வேண்டும் என்று மேரி தினமும் நினைப்பாள்; அவனைக் கண்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

படம் பதினொரு நிமிஷம். ஒரு கை. சாய்ந்த மாடிப்படி. முள் இல்லாத கடிகாரம். மேரியின் முகம். தலைகீழாகக் கடல். மறுபடியும் மேரியின் முகம். பின்னால் கிராமபோனில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தின் பேர் பிரெஞ்சில் இருந்தது, தமிழில் பதற்றம்.

விளக்கு எரிந்தது. காப்பியும் பிஸ்கோத்தும் வெளியே வருமுன் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். புரிந்தது என்று சொல்வது அங்கே அநாகரிகம்.

சங்கத் தலைவர் அமலநாதன், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுந்தார். "இது அணுகுண்டைப் பத்தின பயம்."

"குண்டு எங்கங்க வந்துச்சு? நான் பாக்கலியே" என்றாள் பக்கத்து வீட்டுத் தனக்கொடி.

"வரலம்மா. அதான் பதற்றம்."

கூடமே தலையாட்டியது. அடுத்து, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து வாத்தியார் தெய்வசிகாமணி, முள்ளில்லாத கடிகாரம் காலத்தின் சாவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். முள் இரண்டும் ரிப்பேர்க் கடையில் இருப்பது மேரிக்குத் தெரியும். சொல்லி அவர் கண்ணைத் திறப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

"என் அபிப்பிராயத்தையும் கேட்டுக்க தம்பி" என்று தனக்கொடி கிளம்பினாள். "அந்தப் படிக்கட்டு எங்க வூட்டுது. நல்லா நிமிந்து நிக்கறதக் கோணலாக் காட்டிப்புட்டியே, மாடிக்கு நாளைக்கு எவன் குடி வருவான்? அப்புறம், மேரிக்கு இது பித்தம். சீரகத் தண்ணி போட்டுக் குடுங்க."

"நடிப்பு பிரமாதம்" என்றார் தெய்வசிகாமணி. "அந்தக் கலக்கத்த எப்படி வரவழைச்சீங்க?"

"அது டைரக்டர் ரகசியம் சார்" என்று யூஜின் சிரித்தான்.

மேரியும் சிரித்து வைத்தாள். அந்த ரகசியத்தைக் கேட்டுக் கடைசியில் அவள் அழுதது படத்தில் இல்லை. அதற்குள் பிலிம் தீர்ந்துபோயிருந்தது.

கடைசியாக யூஜின் பேச எழுந்தான். கழுத்துத் துணியைச் சரி செய்துகொண்டான். "நண்பர்களே, எல்லாரும் நெருங்கி வந்தீங்க, ஆனா தொடல. இந்தப் பொண்ணுக்குப் பயமும் இல்ல, பித்தமும் இல்ல. இவளுக்கு வேணும்னு ஒண்ணுமே இல்ல. யார்கிட்டயும் கேக்கறதுக்கு இவகிட்ட ஒரு வார்த்தைகூடக் கெடையாது. அந்த வெறுமைதான் பதற்றம்."

கைதட்டல் எழுந்தது. தனக்கொடிகூடத் தட்டினாள்.

மேரிக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருஷம் தொண்டையில் வைத்துக் காத்தது வெறுமையாமே! எழுந்து நின்றாள்.

"இருக்கு" என்றாள்.

கைதட்டல் நின்றது. அமலநாதன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அபிப்பிராயமா? பிரெஞ்சுல சொன்னா இன்னும் நல்லாருக்குமே, பொண்ணு."

"இத பிரெஞ்சுல எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலீங்க பெரியவரே."

யூஜின் முகம் வெளுத்தது. அதைப் பிடிக்க அன்று அவன் கேமரா கொண்டுவரவில்லை. "மேரி, எதுவானாலும் வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல சொன்னா வெளிச்சம் நல்லாருக்கு, அசையாதன்னுவீங்க. இங்கயே கேக்கறேன்." அவனுக்கு எதிரே போய் நின்றாள். "நாளைக்குக் காலைல சாமியாரப் போய்ப் பாருங்க அத்தான். வர்ற ஞாயித்துக்கெழமைலேர்ந்து நம்ம ரெண்டு பேருக்கும் ஓலை படிக்கச் சொல்லுங்க. என்னைக் கட்டிக்கிட்டு அப்புறமாக் கப்பல் ஏறுங்க."