மேற்கு மூலை

கடப்பாரை பாறையில் மோதிய சத்தம் வீட்டிலிருந்தே தனக்குக் கேட்டது என்று கயல்விழி இப்போதும் சொல்கிறாள். கேட்டிருக்க முடியாது. கிணத்துக்கடவில் அவர்கள் வீட்டுக்கும் சபையின் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவே ரயில் பாதையும் ஒரு தென்னந்தோப்பும் இருக்கின்றன. ஆனால் அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அடக்கத்துக்குப் போயிருந்த நான் அன்று நேரில் பார்த்ததாக நினைத்திருக்கும் சிலவும் பிறகு மற்றவர்கள் சொல்லிக் கேட்டவையாக இருக்கலாம். குறிப்பாக ஒரு விஷயத்தில் எனக்கு இன்றுவரை தெளிவில்லை. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அவள் அப்போது இறந்துபோன அப்பாவின் சட்டைக்குக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி கல்யாணத்துக்கு எடுத்த சட்டை. போட்ட பிறகும் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் போகும் அளவுக்கு இடம் இருந்தது. அவள் பொத்தானைக் கழற்றிவிட்டு மறுபடியும் போட்டாள். அப்போதுதான் தம்பி தமிழ்ச்செல்வன் உள்ளே வந்தான். அவன் கைகளில் மண் இல்லை. வெள்ளையாகக் கல்தூள் படிந்திருந்தது.

"பாறைக்கா. முழங்கால் ஆழம்கூட எறங்கல."

"வேற பக்கம் பாக்கறது?"

"வேற பக்கம் எங்கிருக்குது? அந்த மேற்கு மூலைதான் மிச்சம். ஆறுச்சாமி அண்ணன் மூணு எடத்துல குத்திப் பாத்துட்டாரு. மூணும் கல்லு."

தோட்டத்தில் வாசலை ஒட்டிய நல்ல மண் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. வசதி உள்ளவர்கள் உயிரோடு இருக்கும்போதே இடம் எழுதி வாங்கி, செங்கல் வைத்துக் கட்டி, மேலே பலகைக்கல் மூடி வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு மேற்கு மூலை.

தமிழ்ச்செல்வன் தயங்கி நின்றான். பிறகு சொன்னான். "பிரான்சிஸ் ஐயா அவருக்குக் கட்டிவெச்ச கல்லறையைத் தாரேங்கறாரு. ஆயர்கிட்டச் சொல்லிப்போட்டாரு."

கயல்விழி காலரை நேராக்கினாள்.

பிரான்சிஸும் அவள் அப்பா மாசிலாமணியும் தோப்புக் கூலியாட்களின் ஒரே வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். ஒரே ஆண்டில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். பிரான்சிஸ் முதலில் தேங்காய் மட்டை வாங்கி விற்றார், பிறகு நார் மில் வைத்தார். மாசிலாமணி அங்கே மேஸ்திரியானார். ஒருநாள் மின்சாரம் நின்றிருந்த நேரத்தில் லோகப்பிரியா என்ற பெண் இயந்திரத்துக்குள் சிக்கிய நாரை எடுக்கக் கையை விட்டாள். மின்சாரம் வந்ததும் யாரோ சுவிட்சைப் போட்டார்கள். வலது கை மணிக்கட்டோடு போனது. சுவிட்சுக்கு அருகில் இருந்தவர்கள் இரண்டே பேர், பிரான்சிஸும் மாசிலாமணியும். மேஸ்திரி குடித்திருந்தார், அவர்தான் போட்டார் என்று பிரான்சிஸ் போலீசில் சொன்னார். மாசிலாமணி வாழ்நாளில் குடித்ததில்லை. வழக்கு பொள்ளாச்சியில் வருடக்கணக்கில் நடந்தது. கடைசியில் சாட்சியம் போதவில்லை என்று விடுவித்தார்கள். அதற்குள் வேலை போயிருந்தது. சபையில் அவர் வகித்த மூப்பர் பொறுப்பு பிரான்சிஸிடம் போயிருந்தது. நார்த்தூள் மாசிலாமணியின் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது.

பிரான்சிஸ் மில்லை நல்ல விலைக்கு விற்றுக் கல்யாண மண்டபம் கட்டினார்.

கயல்விழி பொள்ளாச்சி ரோட்டில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரான்சிஸ் வருவார். அவருக்கு எல்லாமே சரியாக இருக்கும். நோயாளியின் பரிசோதனை முடிவை வெளியே சொல்லக் கூடாது. ஒருநாள் அடக்க முடியாமல் வீட்டில் சொல்லிவிட்டாள்.

"அந்தாளுக்குச் சுகர்கூட இல்லீங்கப்பா. பிரஷர் இல்ல. கொழுப்பு இல்ல. நெஞ்சுப் படம் பளிச்சுனு இருக்குது."

அப்பா ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து விலக்கினார். "கொழுப்பில்லையா? அப்பறம் எங்க வெச்சிருக்கறான் அத்தனையும்?" சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. இருமல் நின்று மூச்சு சீராக வெகுநேரம் ஆனது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"சிரிக்காதீங்கப்பா. எனக்கு ஆறல."

"எனக்கும் ரொம்ப நாளு ஆறல கண்ணு. வேதத்துல எத்தன பேரு இதையே கேட்டிருக்கறாங்க. யோபு கேட்டான். எரேமியா கேட்டான். சங்கீதத்துல ஒருத்தன் பொறாமைல கால் வழுக்கி உழுகறாப்பல ஆயிட்டேன்னு சொல்லிக் கேட்டான். ஒருத்தனுக்கும் நேரா பதில் வரலியே."

"அப்பறம்?"

"அப்பறம் ஒன்னுமில்ல. கேட்டவனத் தொரத்தி உடல. அவ்வளவுதான்."

அவர் குழாயை மறுபடியும் மாட்டிக்கொண்டார். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு இருவரும் எடுக்கவில்லை.

இப்போது வாசலில் துணிப்பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா கயல்விழியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுக்கும் ஒரு காரணம் இருக்கும் அம்மணி. நமக்குத் தெரியாம முன்னோரு யாராச்சும் ஏதாச்சும் செஞ்சிருப்பாங்க. இல்லாட்டி இத்தன கஷ்டம் ஒரு மனுசனுக்கு எதுக்கு வருது?" என்றாள். துன்பத்தில் கிடந்த யோபுவையே குற்றம் சொன்ன அவன் சிநேகிதர்களும் நல்ல மனதோடு வந்தவர்கள்தான் என்று அப்பா சொல்வார். கயல்விழி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

ஆயர் இளைஞர், ஊருக்குப் புதியவர். அவர் முகத்தில் துக்கத்தையும் மீறி ஒரு வெளிச்சம் இருந்தது.

"அரிமத்தியா ஊர் யோசேப்பு தனக்குன்னு வெட்டிவெச்சிருந்த கல்லறையைத்தாம்மா ஆண்டவருக்குக் கொடுத்தார். இன்னைக்கு நம்ம சபையிலயே அப்படி ஒருத்தர். இதையே பிரசங்கத்துல சொல்லலாம்னு இருக்கேன்."

தமிழ்ச்செல்வன் தலையாட்டினான். "நல்ல எடம்ங்க. வேப்பமரத்து நெழல்."

கயல்விழிக்கு அப்போதுதான் முழுதும் புரிந்தது. அப்பாவின் அடக்க ஆராதனையில் பேசப்படப்போவது பிரான்சிஸைப் பற்றி. பாட்டு முடிந்ததும் எல்லாரும் அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்பா அந்தப் பலகைக்கல்லுக்குக் கீழே, அவர் கொடுத்த இடத்தில், அவருக்குக் கடமைப்பட்டவராகப் படுத்திருப்பார். வேலையும் பேரும் போன பிறகு அப்பாவிடம் மிச்சமிருந்தது இந்த ஒரு நாள்தான்.

அவள் பந்தலுக்குப் போனாள். பிரான்சிஸ் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எழுபதை நெருங்கியவர், முதுகு நேராக இருந்தது. அவர் அனுப்பிய மலர்வளையம் ஆளுயரத்துக்குச் சுவரில் சாய்ந்திருந்தது.

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கல்லறை தாரேன்னீங்களாமா?"

"ஆமா அம்மணி. எடம் கெடைக்காம நீங்க சங்கடப்படக் கூடாதில்லீங்க."

"வாங்கிக்கறோம்ங்க. ஆனா ஒன்னு."

"சொல்லு கண்ணு."

"அன்னிக்கு அந்த சுவிட்சைப் போட்டது யாருன்னு இன்னிக்கு கோயில்ல எந்திரிச்சு நின்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. அப்பன் போடலீன்னு சொன்னாக்கூடப் போதும். வேற யாருன்னு சொல்ல வேண்டாம்."

பிரான்சிஸ் அவளைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தார். உள்ளே பெண்கள் ஒரு பாட்டின் கடைசிச் சரணத்தைப் பாடி முடித்தார்கள். அடுத்த பாட்டை யார் தொடங்குவது என்று தெரியாமல் வீடு அமைதியானது. ரயில் ஒன்று வந்தது. கேட் மூடும் மணி அடித்தது, பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின, கேட் திறந்தது, நின்றிருந்த பைக்குகள் கிளம்பின. அவ்வளவு நேரமும் அவள் காத்திருந்தாள். காத்திருக்கும்போது அவர் சொல்லிவிடுவார் என்றே நம்பினாள். அதை அவள் என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள்.

"வேண்டாம்னா வேண்டாம் அம்மணி" என்றார் பிரான்சிஸ். "நான் வற்புறுத்தல."

"செரிங்க."

அவள் எழுந்து தம்பியிடம் போனாள். "கம்ப்ரசர் வண்டிக்குச் சொல்லு. கெணறு வெட்டறவங்ககிட்ட இருக்கும்."

"உனக்கு என்ன பைத்தியமாக்கா? பாறைய ஒடைச்சு எறக்கப் பொழுது போயிரும். ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"அப்பா இருந்திருந்தா வாங்கிக்கிட்டிருப்பாரு. அவரு யாரையும் பகைச்சவரில்ல."

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. சவப்பெட்டியின் ஓரத்தில் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"உங்கப்பன் என்ன தேக்கு மரமா?" என்றாள் அம்மா. "காத்தாட்டம் இருக்கறாரு. ஆழம் கொஞ்சம் கம்மியானா என்ன இப்ப? கல்லையே ஒடைங்க."

கம்ப்ரசர் வண்டி மதியத்துக்கு மேல்தான் வந்தது. அதன் இரைச்சல் நிச்சயமாக வீடுவரை கேட்டது. அதை நானும் கேட்டேன். ஆறுச்சாமி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உடைந்த கற்களை அள்ளிப் போட்டபடி இருந்தார். "மாசிலாமணி கடைசி மட்டும் நம்மள சுளுவா உட மாட்டேங்கறானே" என்று அவர் சொன்னதற்கு, கம்ப்ரசர்காரர்கள் சிரித்தார்கள். பிறகு இழவு என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள். பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேர் வேலை இருக்கிறதென்று கிளம்பினார்கள். பிரான்சிஸ் வீட்டுக்குப் போகவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தனக்குக் கட்டிவைத்திருந்த கல்லறையின் மேல் அல்ல, அதற்கு எதிரே ஒரு மதில் துண்டின் மேல் உட்கார்ந்தார். ஒருவர் தேநீர் கொடுத்தார். வாங்கிக்கொண்டார், குடித்ததை யாரும் பார்க்கவில்லை.

பொழுது சாயும்போது குழி இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. அதற்கு மேல் முடியாது என்று வண்டிக்காரர் சொன்னார்.

கோயிலில் ஆயர் யோசேப்பைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதுவும் தயார் செய்திருக்கவில்லை போலும். யோபுவிலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். வாசித்து முடித்து ஏதோ விளக்கத் தொடங்கி, நிறுத்தி, "எனக்கும் தெரியலை" என்றார். பிறகு ஜெபித்தார். அவர் செய்த பிரசங்கங்களில் அதுதான் மிகச் சுருக்கமானது.

பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் எல்லாரும் ஒரு பிடி மண் போடுவது வழக்கம். மேற்கு மூலையில் மண் இல்லை. கல் சில்லுகள்தான் குவிந்திருந்தன. மேலே மூடுவதற்கு மண் டிராக்டரில் வந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு சில்லை எடுத்துக் குனிந்து போட்டாள். பெட்டியின் மேல் அது டக்கென்று விழுந்தது. தமிழ்ச்செல்வன் போட்டான். கயல்விழி போட்டாள். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது, கதவைத் தட்டுவதுபோல. பெரியம்மா அதைக் கேட்டுத்தான் முதல்முறையாக உடைந்து அழுதாள். லோகப்பிரியா காந்திபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். துப்பட்டாவுக்குள் வலது கையை மறைத்துக்கொண்டு இடது கையால் போட்டாள்.

பிரான்சிஸ் வரிசையின் கடைசியில் வந்தார்.

அவரைத் தடுப்பது என்றுதான் கயல்விழி நினைத்திருந்தாள். குழிக்கும் அவருக்கும் நடுவே நின்றாள். பிறகு, ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை, ஓரடி விலகிக்கொண்டாள். அவர் குனிந்து ஒரு சில்லை எடுத்தார். குழியின் விளிம்பில் வெகுநேரம் நின்றார். அவருக்குப் பின்னால் யாருமில்லை என்பதால் யாரும் அவசரப்படுத்தவில்லை. எனக்குத் தெளிவில்லாத இடம் இதுதான். அவர் போட்டார் என்கிறான் தமிழ்ச்செல்வன். சத்தம் கேட்கவே இல்லை என்கிறாள் கயல்விழி. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் திரும்பி நடந்தபோது வலது கை மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆயரைத் தாராபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சபை ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் புதிதாக நிலம் வாங்கியிருக்கிறது, மேற்கு மூலையில் இப்போது யாரையும் புதைப்பதில்லை. மாசிலாமணிதான் அங்கே கடைசி. லோகப்பிரியா காந்திபுரத்தில் செல்போன் கவர் விற்கும் கடை வைத்திருக்கிறாள். அம்மா மகனோடு இருக்கிறாள். பேச்சு இன்னும் குறைந்திருக்கிறது. தமிழ்ச்செல்வன் அக்காவிடம் ஆறு மாதம் பேசாமலிருந்து பிறகு பேசினான். பிரான்சிஸின் கல்லறை காலியாகவே இருக்கிறது. ஐப்பசி மழையில் பலகைக்கல்லுக்கு அடியில் தண்ணீர் இறங்கிவிடும், ஆறுச்சாமி வாளியால் இறைத்து வெளியே ஊற்றுவார்.

பிரான்சிஸ் நன்றாக இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபுக்கு வருகிறார். வேறு ஆள் இருந்தாலும் கயல்விழியின் மேசைக்கே வந்து உட்காருகிறார். அவர் கையில் நரம்பு தேட வேண்டியதில்லை, ஒரே குத்தில் ரத்தம் வந்துவிடும்.

"போன தடவ எல்லாம் செரியா இருந்துச்சுங்களா அம்மணி?"

"செரியா இருந்துச்சுங்க."

ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பஞ்சைக் கொடுக்கிறாள். ரத்தம் நின்ற பிறகும் அவர் பஞ்சை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அடுத்த ஆள் வரும்வரை அவள் அவரை எழுந்திருக்கச் சொல்வதில்லை.